அடியில்லாத அகப்பை

அகப்பை கொடு என்று கேட்போம்.
மூழ்கியபின் எங்களுக்கு மிஞ்சிய
ஒரே வாக்கியம் அது.
ஃபுனயூரே என்கிறார்கள் எங்களை,
படகைப் பிடிக்கும் பேய்கள்.
கொடுத்தால் கடலை மொண்டு மொண்டு
உள்ளே ஊற்றிக் கவிழ்த்துவிடுவோமாம்.
ஆகவே ஓகித் தீவின் படகுகள்
அடியை அறுத்தெறிந்த அகப்பை ஒன்றை
அணியத்தில் கட்டிக்கொண்டே வருகின்றன.

நானும் கட்டியிருந்தேன்.
மூங்கில் அகப்பை. உளி வைத்து
நானே தட்டினேன் அதன் அடியை.
டோக்கியோவில் ஒலிம்பிக்ஸ் முடிந்த மாதம்,
கணவாய் தேடிப் போன இரவு,
பலகை பிளந்து தண்ணீர் ஏறியபோது
இறைத்துக் கொட்டலாமென்று துழாவினேன்.
கைக்கு அகப்பட்டது
அது ஒன்றுதான்.

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?
எங்கள் சட்டியில் முழுக்கடலும் இருக்கிறது.
அகப்பையில்தான்
எதுவும் வருவதில்லை.

ஒன்று சொல்கிறேன், படகுக்காரர்களிடம் சொல்லிவிடாதீர்கள்:
அடி இல்லையென்பது எங்களுக்குத் தெரியும்.
செத்ததால் யாரும் முட்டாளாகிவிடுவதில்லை.
தெரிந்தேதான் வாங்குகிறோம்,
தெரிந்தேதான் விடியவிடிய இறைக்கிறோம்.
கொடுக்கும்போது ஒரு கை
விளிம்பைத் தாண்டி வருகிறதே,
அது சூடாக இருக்கிறது.

போன ஓபோனின் கடைசி இரவு.
அன்று யாரும் கடலுக்கு வரக்கூடாது.
குராமோச்சி வந்திருந்தான்,
வங்கித் தவணைக்கு ஓபோன் தெரியாது.
அவன் கீழே உறங்க,
மேலே விளக்குகளுக்கடியில் காவலிருந்தவன்
வஸ்கிதோ, ஜாவாவின் தெகாலிலிருந்து
மூன்று வருட ஒப்பந்தத்தில் வந்த பையன்.
ஜப்பானிய மொழியில் அவனுக்குத் தெரிந்தவை
கயிறு, பனிக்கட்டி, சீக்கிரம், மன்னியுங்கள்.
அகப்பையும் தெரிந்திருந்தது.

அகப்பை கொடு என்றோம்.
பதினேழு கைகள், நுரையிலிருந்து.
அவன் அலறவில்லை.
குனிந்து எங்கள் உதடுகளைப் பார்த்தான்.
உப்பு பூத்து வெடித்திருந்தன.
அணியத்தில் தொங்கிய ஆறு ஓட்டை அகப்பைகளை
எடுத்துப் பார்த்து, உடைசல் என்று
ஓரமாய் வைத்தான்.
குளியல் தொட்டியருகே இருந்த
நீல பிளாஸ்டிக் அகப்பையை எடுத்தான்.
கெட்டிலில் ஆறிப்போயிருந்த
வாற்கோதுமைத் தேநீரை அது நிறைய ஊற்றி,
பிஸ்மில்லா என்று முணுமுணுத்து,
வலக்கையால் நீட்டினான்,
இடக்கை முழங்கையைத் தொட்டிருக்க.

அவ்வளவு காலமும் யாருக்கும் தோன்றவில்லை
நாங்கள் தாகத்தில் கேட்கிறோமென்று.
எங்களுக்கே தோன்றவில்லை.

வறுத்த தானியத்தின் மணம்.
என் வீட்டுக் கோடை, ஈரத் துண்டு,
பகல் இரண்டு மணி.
ஆளுக்கொரு மிடறு.
சிப்பிக்குக் குதித்து ஏறாமல் போன ஷிமாயோ
வாயில் வைத்துக்கொண்டே இருந்தாள், விழுங்கவில்லை.
கென்ஸுகெ மட்டும்
காலியானதும் கடலில் முக்கி
படகுக்குள் ஒரு வீச்சு வீசினான்.
பழக்கம், வேறொன்றுமில்லை.
பையனின் காலுறை நனைந்தது.
அவன் மொழியில் என்னவோ திட்டினான்.
நாங்கள் கென்ஸுகெயின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டோம்.
இரண்டாம் வீச்சு விழவில்லை.

சத்தத்தில் குராமோச்சி எழுந்து வந்தான்.
பார்த்தான். கால்சட்டையை நனைத்துக்கொண்டான்.
ஓட்டை அகப்பைகள் ஆறையும்
ஒன்றன்பின் ஒன்றாக எறிந்தான்.
என்ன செய்வது?
எடுத்து இறைத்தோம், மரியாதைக்காக,
கிழக்கு வெளுக்கும்வரை,
அவன் மோட்டாரைக் கிளப்பிப் போகும்வரை.
திரும்பித் திரும்பிப் பார்த்த பையன்
கையைத் தூக்கினான்,
விடைகொடுக்கவோ, அகப்பையைத் திருப்பிக் கேட்கவோ.

கொடுக்கவில்லை.
என்னிடம்தான் இருக்கிறது.
அதை வைத்து இன்றுவரை எந்தப் படகும் மூழ்கவில்லை.
மழை வந்தால் மட்டும்
தலைக்கு மேல் உயர்த்திப் பிடிக்கிறேன்.
மற்றவர்கள் சுற்றி நின்று
எவ்வளவு, எவ்வளவு என்று கேட்கிறார்கள்.